சாமி எழுவதற்கு முன் எடுத்த சளி

பாவாவுக்கு இரண்டாவது முறையாக டி.பி. மருந்து ஆரம்பித்தபோது நான் சென்னையில் எம்.எஸ்சி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். நுண்ணுயிரியல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள் நான். அதனால் என்ன படிக்கிறேன் என்பதை வீட்டில் யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. டாக்டருக்குப் படிக்கிறான் என்று அம்மா எங்கள் ஊரான கே.ஜி.கண்டிகை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பாவா மட்டும்தான் அவளைத் திருத்துவார்.

"டாக்டரு இல்ல அத்தை, பூச்சி டாக்டரு. மனுசனுக்கு வைத்தியம் பாக்க மாட்டான். ஏதாச்சும் பூச்சிக்கு ஒடம்பு சரியில்லன்னா இட்டுகினு வா, பாப்பான்."

பாவா என் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் தெலுங்கும் தமிழும் ஒரே சட்டியில் வெந்தவை என்பதால் மாமா என்று வாயில் வராது, பாவாதான். திருத்தணியில் கோயில் மலையடிவாரத்தில் வீடு. கரும்பு சீசனில் ஒரு ஓனரிடம் டிராக்டர் ஓட்டுவார். திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது, கரும்பு மறைத்துவிடும். சுமைக்கு மேல் உட்கார்ந்திருப்பவன் போடும் குரலையும், வழி கேட்டு அலறும் லாரி ஹாரனையும் நம்பித்தான் வண்டியை எடுக்க வேண்டும். பாவா அதில் கெட்டிக்காரர். ஹாரனைக் கேட்டே வருவது பஸ்ஸா லாரியா, டிரைவர் நிதானமானவனா அவசரக்காரனா என்று சொல்லிவிடுவார்.

இருமல் ஒரு சீசன் முடிவில் ஆரம்பித்தது. சளி, மாலையில் காய்ச்சல், பனியன் தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு மெலிவு. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார்கள். சிவப்பாகச் சாயம் ஏறிய கிருமி இருந்தது. டி.பி. என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். ஒரு வேளை கூடத் தவறவில்லை, அக்கா தவறவிடவும் மாட்டாள். ஆனாலும் இருமல் நிற்கவில்லை. மறுபடி சளி பார்த்தார்கள், மறுபடி சிவப்புக் கிருமி. மருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு, இரண்டாவது சுற்றை ஆரம்பித்தார்கள். அதில் மாத்திரையோடு ஊசியும் உண்டு.

அந்த ஊசியைப் பற்றி என் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. சிலருக்குக் காதுக்குள் இருக்கும் நரம்பைத் தின்றுவிடும். போனது திரும்பாது. ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நேராக அவரிடம் போய்க் கேட்டேன்.

"பாவா, காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதா? விர்ருனு, விசில் அடிக்கிற மாதிரி?"

"கேக்குதே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பத்துல இருந்து?"

"உங்க அக்காவைக் கட்டிகினு வந்த நாள்ல இருந்து."

அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவர் சிரித்துச் சிரித்து இருமலில் போய் நின்றார். அந்தச் சிரிப்போடு என் கேள்வியும் போய்விட்டது.

அடுத்த முறை அவர் சளியை நானே கொஞ்சம் எடுத்துப் போய் எங்கள் ஆய்வகத்தில் சாயமேற்றிப் பார்த்தேன். டி.பி. கிருமி குட்டையான குச்சி மாதிரி இருக்கும். நான் பார்த்தது குச்சி இல்லை. மெல்லிய நூல்கள், கிளை விட்டுக் கிளை விட்டு, இலை உதிர்ந்த முருங்கை மரம் போல. சிவப்பும் திட்டுத் திட்டாகத்தான் ஏறியிருந்தது. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் இப்படி இருக்கும், தூசியோடு நுரையீரலுக்குள் போனால் டி.பி. வேஷம் போடும் என்று படித்திருந்தேன். கையோடு மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் என் ஆய்வுக்கு வழிகாட்டி. நுண்ணோக்கியில் வெகு நேரம் பார்த்தார்.

"நீ நினைக்கிறது சரியா இருக்கலாம். ஆனா ஒரு ஸ்லைடைக் காட்டி மருந்தை நிறுத்துங்கன்னு எந்த டாக்டர்கிட்டயும் போக முடியாது. பேர் வேணும்."

பெயர் கண்டுபிடிக்க அப்போது புதிதாக ஒரு வழி வந்திருந்தது. எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் ஒரு மரபணுவைப் பிரதி எடுத்து, அதன் எழுத்துகளை வரிசையாகப் படிப்பது. நான்கே எழுத்துகள்தான், ஏ, டி, ஜி, சி. அவை எந்த வரிசையில் வருகின்றன என்பது ஒவ்வொரு இனத்துக்கும் வேறு. அந்த வரிசையை இணையத்தில் இருக்கும் பெரிய தொகுப்போடு ஒப்பிட்டால் யாருடைய வரிசை என்று சொல்லிவிடும். பிரதி எடுப்பது வரை எங்கள் ஆய்வகத்திலேயே செய்யலாம். எழுத்துகளைப் படிக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. ஐதராபாத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நான் பாவாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். காலையில் எழுந்ததும், வாயில் எதுவும் போடாமல், வெறும் வயிற்றில், ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும். எச்சில் கூடாது.

"வெறும் வயிறுதானே, சரி மச்சான். விரதம்னு சொல்லு, புரியும்."

சளி டப்பாவைத் தெர்மோ பிளாஸ்கில் வைத்து, ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய ஐஸ் போட்டு, ரயில் ஏறினேன். அரக்கோணத்தில் ஏறிய ஒரு பெரியவர் என் நெற்றி விபூதியையும் மடியிலிருந்த பிளாஸ்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திருத்தணியா தம்பி? பிரசாதமா அது? கொஞ்சம் குடேன்."

"இல்லைங்க, மருந்து."

"சாமி மருந்துதான் எல்லாம்" என்று அவர் கையை நீட்டியபடியே இருந்தார். சென்னை வரும் வரைக்கும் நான் ஒரு கருமி என்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆய்வகத்தில் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க வைத்தேன். மறுநாளே தட்டு முழுக்கப் பளபளவென்று பரவிவிட்டது. நான் தேடியது அத்தனை வேகமாக வளரக் கூடாதே என்று ஒரு நெருடல். ஆனால் வளர்ந்தது அதுதான், வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பிரதி எடுக்கும் இயந்திரம் பாதியில் கரண்ட் போய் நின்றது. திரும்ப ஆரம்பித்தேன். ஐதராபாத்திலிருந்து பதில் வர வாரங்கள் ஆயின. ஒவ்வொரு வாரமும் பாவாவுக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்தது.

பதில் வந்தது. எழுத்துகளைத் தொகுப்பில் போட்டுத் தேடினேன். குடத்துத் தண்ணீரிலும் குழாயிலும் வாழும் ஒரு சாதாரண பாக்டீரியா.

"இது நோய் இல்லைப்பா. வெளியே இருந்து கலந்தது. அவர் காலையில என்ன குடிச்சார்?" என்றார் மேடம்.

"ஒண்ணும் குடிக்கல மேடம். வெறும் வயிறு."

"நிச்சயமா?"

"எங்க வீட்டு ஆளுங்க, மேடம். விரதம்னா பச்சைத் தண்ணி படாம இருப்பாங்க."

மேடம் இன்னொரு தடவை எடுத்து வா என்றார். முதலிலிருந்து அத்தனையும் மறுபடி. மேஜையைக் காலால் உதைக்க வேண்டும் போலிருந்தது. உதைத்தால் அதன் மேலிருக்கும் இயந்திரமும் விழும்.

இந்த முறை சனிக்கிழமையே அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கினேன். விடியற்காலையில் டப்பாவோடு பாவாவின் கட்டிலருகே நின்றேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் டப்பாவைத் திறப்பதற்குள் அக்கா உள்ளேயிருந்து ஒரு எவர்சில்வர் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமி, "குடு மச்சான் டப்பாவை" என்றார்.

"என்ன குடிச்சீங்க?"

"சந்தனம்."

"சந்தனமா?"

"மலைச் சந்தனம்டா" என்றாள் அக்கா. "சாமிக்குச் சாத்துனது. கரைச்சிக் குடிச்சா நோய் போவும். கிருத்திகைக்குக் கிருத்திகை வாங்கியாந்து சொம்புல கரைச்சி வெச்சிக்கிறேன். இவருக்கு நல்லாவுற வரைக்கும் ஒரு காலை கூடத் தவறக் கூடாதுன்னு வேண்டிகினுகீறேன்."

சொம்புக்குள் எட்டிப் பார்த்தேன். எத்தனையோ நாளாகக் கரைந்து கிடந்த மஞ்சள் தண்ணீர். அடியில் வழுவழுவென்று ஒரு படிவு. என் ஐதராபாத் முடிவு முழுக்க அந்தச் சொம்பில் இருந்தது.

"வெறும் வயித்துலன்னு சொன்னேனே பாவா! போன தடவையும் குடிச்சிட்டுத்தான் குடுத்தீங்களா?"

"வெறும் வயிறுதானே மச்சான். ஒரு இட்லி துன்னனா? ஒரு வாய் டீ குடிச்சனா?"

"இதைக் குடிச்சீங்களே!"

"சந்தனம் சாப்பாடாடா?" அக்காவுக்கு நான் சொல்வதே விளங்கவில்லை. "கிருத்திகை விரதத்துல கூட இதைக் குடிப்போம். விரதம் கெட்டுப் போச்சுன்னு யாருனா சொல்லிக் கீறாங்களா?"

யாரும் சொன்னதில்லை. அந்த வீட்டில் வளராவிட்டாலும் அந்தப் பக்கத்துக்காரன் நான். விரத நாளில் நானே குடித்திருக்கிறேன், எதையோ உள்ளே அனுப்புகிறோம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கோபத்தை யார் மேல் காட்டுவது? ஆனாலும் காட்டினேன். இந்தத் தண்ணீரில் பூச்சி இருக்கிறது, அது கலந்து என் மாதக்கணக்கான வேலை நாசமாகிவிட்டது என்று கத்தினேன்.

அக்காவின் முகம் மாறியது. "சாமி சந்தனத்துல பூச்சியா? இதான் உன்னை அங்க படிக்க வெச்சாங்களா?"

"சந்தனத்துல இல்லக்கா, பழைய தண்ணியில."

"ரெண்டும் ஒண்ணாத்தானே கீது!"

நாளைக்கு ஒரே ஒரு காலை சந்தனம் இல்லாமல் சளி எடுக்கணும் என்றேன். முடியவே முடியாது என்றாள். வேண்டுதலை அறுத்து, அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் படிப்பு வந்து காப்பாற்றுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பாவாதான் வழி சொன்னார். கட்டிலில் சாய்ந்தபடி அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏய், மலை மேல காலையில பாட்டு எப்போ போடறாங்க?"

"விடியறதுக்கு முன்னாடி."

"பாட்டு போட்டாத்தானே சாமி எழுந்துச்சின்னு அர்த்தம்? அதுக்கு முன்னாடி சாமியே வெறும் வயிறு. சாமிக்கு முன்னாடி எழுந்து நான் எப்படி பிரசாதம் குடிக்கிறது? அது தப்பாச்சே."

அக்கா யோசித்தாள்.

"பாட்டுக்கு முன்னாடி இவன் டப்பாவுல துப்பிடறேன். பாட்டு வந்ததும் உன் சொம்பைக் குடிச்சிடறேன். காலையும் தவறல, சாமிக்கும் மரியாதை, இந்தப் பூச்சி டாக்டரும் ஊரைப் பாத்துப் போயிடுவான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தண்ணியை வேணா புதுசா மாத்தறேன்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் இருட்டோடு எழுந்தோம். பாவா காய்ச்சி ஆறிய நீரால் வாய் கொப்பளித்து, ஆழமாக இருமி, கெட்டியாகக் கொடுத்தார். மூடியை இறுக்கி ஐஸில் வைத்தேன். அதன்பிறகு அவர் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். அக்கா சொம்போடு வாசற்படியில் நின்றாள். மலையிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்தது. தெரு நாய் ஒன்று எழுந்து உடம்பை உதறியது.

"ம், குடிய்யா" என்று சொம்பை நீட்டினாள்.

"இரு, பாட்டு வரட்டும்."

"போட்டாச்சே."

"எங்க போட்டாங்க? ஏமாத்தாதடி."

வழக்கமான விளையாட்டு என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மலைப்பக்கம் தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார். பாட்டு இரண்டாம் அடிக்குப் போயிருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று சொம்பை வாங்கி, "ஆங், ஆங், கேக்குது" என்று குடித்தார்.

"எத்தினி நாளா பாவா?"

அக்கா அவர் தோளை உலுக்கியதும் சொன்னார். "ஊசி ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல இருந்து. மொதல்ல விசில் மாதிரி. சொன்னா ஓனரு வண்டியைக் குடுக்க மாட்டாருன்னு சொல்லல."

நான் நேராக ஊசி போடும் இடத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் நல்ல மாதிரிதான். காது விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார்.

"நிறுத்தணும்னா டாக்டரு எழுதணும் தம்பி. நடுவுல நின்னா மருந்தை விட்டவன்னு கணக்குல போயிடும். நான் வீடு தேடி வரணும். நீ டாக்டரா?"

"இல்லைங்க."

"அப்போ டி.பி. இல்லன்னு எப்படி சொல்ற?"

டாக்டரிடமும் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் நூல் மாதிரி கிளை விட்ட கிருமியைப் பற்றிச் சொன்னேன். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். டி.பி. இல்லையென்றால் அது என்ன, பெயர் என்ன? பெயரோடு வா, நிறுத்துகிறேன். காது எல்லாருக்கும் கொஞ்சம் அடைக்கும், சரியாகிவிடும்.

நீங்களாவது போகாதீர்கள் என்று பாவாவிடம் கெஞ்சினேன். அவர் போனார். போகாவிட்டால் ஆள் வீடு தேடி வருவான், தெருவே வேடிக்கை பார்க்கும், ஏற்கெனவே பக்கத்து வீட்டில் குழந்தையை இந்தப் பக்கம் விடுவதில்லை என்றார். அக்காவும் அனுப்பி வைத்தாள். டாக்டர் ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் இழுக்கும்போது அவள் யார் பேச்சைத்தான் கேட்பாள்? எனக்கு அவள் மேல் கோபம், அவர் மேல் கோபம், என்னைத் தவிர எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கிறதே என்று கோபம். என்னிடம் ஒரு டப்பா சளி மட்டும் இருந்தது.

இந்த முறை தட்டு பல நாள் வெறுமையாகக் கிடந்தது. நான் தேடியது அப்படித்தான் வளரும், மெதுவாக. அது நல்ல அறிகுறி என்று தெரியும், ஆனாலும் தட்டை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு ஊசி என்றுதான் மனசு சொன்னது. கடைசியில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாக, சுருங்கிச் சுருங்கி எழுந்தது. மூடியைத் திறந்ததும் முதல் மழை விழுந்த மண்ணின் வாசம். மேடம் முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். மறுபடி பிரதி, மறுபடி ஐதராபாத், மறுபடி காத்திருப்பு.

எழுத்துகள் வந்த அன்று தொகுப்பில் போட்டதும் முதல் வரியிலேயே பெயர் வந்தது. நோகார்டியா. மண்ணில் வாழ்வது. கரும்புத் தோகைத் தூசியிலும் எருக்குழியிலும் இருப்பது. மேடம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த நுரையீரல் மருத்துவரிடம் என்னையும் பாவாவையும் கூட்டிப் போனார். அவர் படித்துப் பார்த்து, ஸ்லைடையும் பார்த்து, அன்றே ஊசியை நிறுத்த எழுதினார். எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எத்தனையோ வருஷமாக இருக்கிற பழைய சல்பா மாத்திரை. கண்டிகை பஸ் ஸ்டாப் மருந்துக் கடையில் கூட டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். அந்தக் கடை வாசலில் நின்று பாவா எத்தனை தடவை இருமியிருக்கிறார்.

மாத்திரை மாதக்கணக்கில் போனது. காய்ச்சல் முதலில் விட்டது, பிறகு இருமல். உடம்பு தேறி பனியன் பழையபடி பொருந்தியது. அக்கா மலையேறி வேண்டுதலை முடித்தாள். நல்லானது சந்தனத்தால்தான் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் வாதாடுவதில்லை.

காது திரும்பவில்லை. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். ஹாரன் கேட்காது. ஓனர் ஒரு நாள் சோதனைக்கு வண்டியைக் கொடுத்திருக்கிறார். பின்னால் மேலே உட்கார்ந்திருந்தவன் நிறுத்து நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தியும் வண்டி நிற்கவில்லை. அவ்வளவுதான். இப்போது பாவா கரும்பு ஏற்றும் கூலிகளோடு வயலில் நிற்கிறார். எந்தத் தூசியால் நோய் வந்ததோ அதே தூசியில்.

மேடம் இந்த நோயாளியைப் பற்றி ஒரு கருத்தரங்கில் வைக்கலாம் என்றார். பெரிய தாளில் படங்கள், மரபணு வரிசை, மருந்து. நோயாளி குணமடைந்தார், ஆனால் காது கேட்கும் திறனை இழந்தார் என்று கடைசி வரியை நான் தட்டச்சு செய்தேன். மேடம் அதைத் திருத்தினார்: நோயாளி முழுமையாகக் குணமடைந்தார்.

"காது போச்சே மேடம்."

"அது வேற மருந்தோட பக்கவிளைவு. நம்ம விஷயம் நோயை எப்படிக் கண்டுபிடிச்சோம்கிறது."

"சீக்கிரம் கண்டுபிடிச்சிருந்தா காது போயிருக்காது. அதையாவது போடலாமே."

"இடம் இல்லப்பா" என்றார், வருத்தத்தோடுதான். நிஜமாகவே இடம் இல்லை. வரிசை ஒப்பீட்டுப் படம் பாதித் தாளை அடைத்துக்கொண்டிருந்தது.

கருத்தரங்கு முடிந்த சாயங்காலம் அக்காவின் செல்போனுக்குப் பேசினேன். பாவாவிடம் கொடுக்கச் சொன்னால் கொடுக்க மாட்டாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எதுவும் கேட்காமலே "ஆங், ஆங்" என்று சிரிப்பார். ஆகவே அவளிடமே சொன்னேன். யார் யார் வந்து நின்று பார்த்தார்கள், என்னென்ன கேள்வி கேட்டார்கள், தாளின் கடைசி வரி என்ன என்று விரிவாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராகப் போய்க் கத்துவது கேட்டது.

"உன் பூச்சியைப் பெரிய பெரிய டாக்டருங்க வந்து பாத்தாங்களாம்யா! உனக்கு முழுசா நல்லாயிடுச்சின்னு எழுதிப் போட்டுக்கிறாங்களாம்!"

தன் குரலின் அளவு தனக்குத் தெரியாதவர்கள் பேசும் அந்தச் சத்தத்தில் பாவா கேட்டார்.

"அப்போ ஓனரு வண்டி குடுப்பாரான்னு கேளு."

அக்கா அதை என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டாள்.